வியாஎர்மோசா, மெக்சிகோ: மழை மாதங்கள்

செப்டம்பர் 3
விடாத மழை. எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் மறுபடியும் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 5
லா வென்டா பூங்காவில் எடுத்த படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெக்சிகோவின் பழங்கால ஓல்மெக் மக்கள் என்றால் எல்லாருக்கும் அவர்கள் செதுக்கிய அந்தப் பெரிய கல் தலைகள்தான். எனக்கு 5ஆம் எண் பலிபீடம். பலிபீடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அது அரசன் உட்காரும் கல் ஆசனம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். முன்பக்கம் ஒரு குகை வாய். அதற்குள்ளிருந்து ஒருவர் வெளியே வருகிறார், கையில் குழந்தை. குழந்தை துவண்டு கிடக்கிறது. தூங்குகிறதா? இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அதைச் செதுக்கியவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 6
தூங்கத்தான் செய்கிறது.

செப்டம்பர் 9
பக்கத்து வீட்டு அம்மா பொசோல் கொண்டுவந்தார். மக்காச்சோள மாவும் கக்காவோவும் (சாக்லேட் செய்யும் கொட்டை) கரைத்தது, நம்மூர் கூழ் போலவே இருக்கிறது. சான் லொரென்சோ என்ற பழைய ஓல்மெக் ஊரில் கிடைத்த பானை ஓடுகளிலும் கக்காவோ தடயம் உண்டு, மூவாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்டவை. அங்கே குப்பைக் குழிகளில் ஆற்று மீன், ஆமை, நாய் எலும்புகளும் கிடைத்தன. ஆற்றோரத்தில் வீடு, வெள்ளம் வடிந்த மண்ணில் மக்காச்சோளம், கையில் ஒரு குவளை. அந்தப் பெண்களை நினைத்தபடியே முழுவதும் குடித்தேன். சாயங்காலம் வரை வலி இல்லை.

அம்மா போனில், "கண்டதையும் படிச்சு மனசைக் குழப்பிக்காதடி" என்றாள்.

செப்டம்பர் 12
பெரிதாக்கிப் பார்த்தேன்! அந்த ஆசனத்தின் இரண்டு பக்கவாட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், பக்கத்துக்கு இரண்டு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குழந்தை, எல்லாம் உயிர்ப்போடு திமிறுகின்றன. அன்றைக்கு நேரில் நின்றபோது முன்பக்கத்தை விட்டு நகராததால் இது தெரியாமல் போயிற்று. இவரை எழுப்பிக் காட்டினேன். "ராத்திரி ரெண்டு மணிடி" என்றார், ஆனாலும் பார்த்தார்.

செப்டம்பர் 13
இன்று அசைவு குறைவு.

செப்டம்பர் 14
ஓல்மெக் மக்கள் காணிக்கை போட்ட எல் மனாத்தி ஊற்றுக்குள் ரப்பர் பந்துகளும் மரச் சிலைகளும் கெடாமல் இருந்தனவாம். சேற்றுக்குள் காற்று போகாததால் மரம்கூட மட்கவில்லை. அங்கே வேறு என்ன கிடைத்தது என்றும் எழுதியிருந்தது. மடிக்கணினியை மூடிவிட்டேன்.

செப்டம்பர் 18
தூக்கம் இல்லை. லா வென்டா என்ற பழைய ஓல்மெக் ஊரில் 1955இல் கிடைத்த ஒரு புதையலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 16 சின்னக் கல் மனிதர்கள், பின்னால் 6 நீளமான கல் கோடரிகள் செங்குத்தாக நிற்கின்றன. பெரும்பாலும் பச்சைக்கல். ஒருவன் மட்டும் சொரசொரப்பான வேறு கல், கோடரிகளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். மற்றவர்கள் எல்லாரும் அவனைச் சூழ்ந்திருக்கிறார்கள். ஏதோ முடிவு சொல்லப் போகிறார்கள் என்று தோன்றுகிறது, அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அவர்களை அப்படியே மண்ணில் புதைத்து மேலே தளம் போட்டார்கள். பல காலம் கழித்து யாரோ சரியாக அந்த இடத்திலேயே குழி தோண்டி, தலைகள் தெரியும் வரை போய்ப் பார்த்துவிட்டு மறுபடி மூடியிருக்கிறார்கள். எதையும் எடுக்கவில்லை. பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் தோண்டியிருக்க வேண்டும், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இடத்தை யார் யாருக்குச் சொல்லி வைத்தார்கள்?

செப்டம்பர் 19
அசைவு இருக்கிறது. காலை முழுவதும்.

செப்டம்பர் 23
ஸ்கேன் நாளைக்கே என்று மாற்றிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. இவர் பையை எடுத்து வைக்கிறார். நான் சான் லொரென்சோ தலைகளைப் பற்றிப் படிக்கிறேன். அங்கே மட்டும் பத்துத் தலைகள். டூஷ்ட்லா மலையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், சக்கரமும் இல்லை, வண்டி இழுக்க மாடும் இல்லை, டன் கணக்கில் பாறை வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றில் சிலவற்றைப் பழைய ஆசனங்களை மறுபடி செதுக்கித்தான் செய்தார்கள் என்கிறார்கள், ஒன்றிரண்டில் பழைய குழிவின் மிச்சம்கூடத் தெரிகிறதாம். உட்கார்ந்திருந்த ராஜா செத்ததும் அவன் ஆசனமே அவன் முகமாக மாறியிருக்கலாம். அப்படியென்றால் லா வென்டாவில் 5ஆம் எண் ஆசனத்தை மட்டும் ஏன்