குரல் நாணில் விழுந்த காய்ப்பு: ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியையின் சிகிச்சை அனுபவம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் பதினாறு வருடங்களாக ஆரம்பப் பிரிவில் கற்பித்து வருகிறேன். எங்கள் பாடசாலை ஒரே நீள மண்டபம். வகுப்புகளைப் பிரிப்பவை இடுப்பளவு உயரமான பலகைத் தட்டிகள் மட்டுமே. மேலே தகரக் கூரை. தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால், பக்கத்து வகுப்பின் வாய்பாட்டுச் சத்தத்தையும் கூரையில் விழும் மழையையும் தாண்டி, முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் காதில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விழச் செய்வதற்கு என் தொண்டையைத் தவிர வேறு கருவி எனக்கு இருக்கவில்லை.

அந்தத் தொண்டை கடந்த வருடம் ஜூன் மாதத்தில் கட்டத் தொடங்கியது. காலையில் தெளிவாக இருக்கும் குரல் மூன்றாம் பாடவேளையில் கரகரக்கும்; வெள்ளிக்கிழமை மாலையில் வெறும் காற்றாகிவிடும்; ஞாயிற்றுக்கிழமை மீண்டும் திரும்பி வரும். சில வாரங்களில் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பி வராமல் போனது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், அதிமதுரம் மென்றேன், இரவில் மஞ்சள் கலந்த பால் குடித்தேன். இரண்டு இடங்களில் மருந்து எடுத்தேன். ஒரு இடத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் இன்னொரு இடத்தில் நெஞ்செரிவு மாத்திரையும் கிடைத்தன. இரு இடங்களிலும் எவரும் என் குரல்வளையைப் பார்க்கவில்லை. பேசுவதைக் குறையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்ற அறிவுரையுடன் ஐந்து மாதங்கள் கடந்துபோயின.

குரல் கரகரப்பு நான்கு வாரங்களுக்குள் சரியாகாவிட்டால் குரல்வளையை நேரில் பார்க்க வேண்டும் என்றும், பார்க்காமலே நுண்ணுயிர்க்கொல்லியோ, கரகரப்பை மட்டும் காரணமாக வைத்து நெஞ்செரிவு மருந்தோ வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்றும் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர்களின் சங்கம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் அந்த நான்கு வாரக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். நீடிக்கும் கரகரப்பு பெரும்பாலும் புற்றுநோயல்லாத காரணங்களால் வருவதுதான் என்றாலும், அரிதாக அது குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் காதால் கேட்டு மட்டும் பிரித்தறிய முடியாது.

நவம்பரில் கண்டியில் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போனேன். விடியற்காலை பஸ், கிளினிக் கொப்பி, இலக்கத் துண்டு, நீண்ட வாங்கு ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். மூக்கு வழியே மெல்லிய குழாய்க் கமராவை இறக்கியபோது கண்ணில் நீர் வந்ததே தவிர வலிக்கவில்லை. குரல் எழுப்பும் உயிருள்ள மனிதரின் குரல் நாண்களை முறையாகக் கண்ணாடியில் பார்த்து விவரித்தவர் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் என்றும், அவர் 1854 இல் சிறு கண்ணாடியொன்றைத் தன் தொண்டைக்குள்ளேயே பிடித்துப் பார்த்தார் என்றும் அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. குரலால் பிழைக்கும் ஓர் ஆசிரியருக்குத்தானே அந்த ஆவல் வந்திருக்கிறது.

பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. இடைவிடாது ஒரு மணித்தியாலம் குரல் எழுப்பினால் அது 720,000 மோதல்களாகும். அந்த வேகத்தைக் கண் பின்தொடர முடியாது என்பதால், நாணின் அசைவோடு மிகச் சிறிது விலகிய வேகத்தில் விளக்கை விட்டுவிட்டு ஒளிரச் செய்கிறார்கள். அப்போது அசைவு மெதுவாக நடப்பது போலத் திரையில் தெரிகிறது. என் இரு நாண்களிலும், முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில், நேருக்கு நேராக இரண்டு சிறு வெண்ணிறத் தடிப்புகள் இருந்தன. நாண்கள் மூடும்போது தடிப்புகள் மட்டும் தொட்டுக்கொள்ள, அவற்றுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விழுந்து, உடுக்கையைப் போன்ற வடிவம் தெரிந்தது. காற்று ஒழுகுவதும் குரல் பிளப்பதும் அங்கேதான். மோதல் மிகப் பலமாக விழும் இடம் அது என்றும், அதனால் அங்கே காய்த்துப் போகிறது என்றும் வைத்தியர் விளக்கினார். என் தாயார் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவருடைய பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் இருந்த காய்ப்பை நினைத்துக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை இப்போது வேண்டாம், கத்தும் பழக்கம் மாறாவிட்டால் வெட்டியெடுத்தாலும் மறுபடி வரும் என்று சொல்லி, வைத்தியர் என்னைப் பேச்சு மொழி சிகிச்சையாளரிடம் அனுப்பினார். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அந்தச் சிகிச்சையாளர் நிதானமான தமிழில் பேசினார். ஐந்து மாதங்கள் அறிவுரையைப் பின்பற்றியும் குறையவில்லையே என்று நான் அழாத குறையாகச் சொன்னபோது, அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை; ஆய்வுகளைச் சொன்னார். நெல்சன் ரோய் என்பவரின் குழு ஐக்கிய அமெரிக்காவில் குரல் பாதிப்புள்ள 58 ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குரல் பராமரிப்பு அறிவுரையையும், இன்னொன்றுக்குக் குரல் பயிற்சியையும் கொடுத்து, மூன்றாவதற்கு எதையும் கொடுக்காமல் ஆறு வாரங்கள் கவனித்து 2001 இல் முடிவை வெளியிட்டது. தங்கள் பாதிப்பு கணிசமாகக் குறைந்ததாகப் பயிற்சிப் பிரிவினர் மட்டுமே தெரிவித்திருந்தனர். அடுத்த வருடம் 44 ஆசிரியர்களை வைத்து அதே குழு செய்த இன்னொரு ஆய்வில், வகுப்பில் சிறு ஒலிபெருக்கியை அணிந்தவர்கள் தேறினார்கள். அறிவுரை மட்டும் பெற்றவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. தண்ணீர் குடிப்பது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் மழைக் கூரையின் கீழ் நிற்கும் ஆசிரியையிடம் “கத்தாதீர்கள்” என்று சொல்லிவிட்டு, கத்தாமல் கேட்கச் செய்யும் வழியைக் கொடுக்காவிட்டால் அந்த அறிவுரையை அவர் எப்படிப் பின்பற்றுவார்?

அதே கிளினிக்கில்தான் ஆய்வு மாணவி ஒருவரைச் சந்தித்தேன். ஆசிரியர்களின் குரலைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பதிவுசெய்து ஒப்பிடுவது அவருடைய வேலை. “டீச்சர், விருப்பமில்லாவிட்டால் இப்போதே சொல்லலாம், இடையில் விலகினாலும் உங்கள் சிகிச்சை இதேபோல நடக்கும்” என்று சொல்லி, தமிழிலிருந்த தகவல் தாளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். என் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம் மட்டுமே பதிவில் இருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. பாடசாலைக்கோ கல்வி அலுவலகத்துக்கோ செய்தி போய் வேலைக்குப் பாதிப்பு வருமோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. அதை வெளிப்படையாகக் கேட்டுப் பதில் பெற்ற பின்னரே கையொப்பமிட்டேன். கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அளவீடுகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரே மூச்சில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு வண்டு முரல்வது போல அதே ஒலியைக் குரலோடு இழுக்கச் சொன்னார்கள். தமிழில் இல்லாத அந்த இரண்டாவது ஒலியைப் பழகவே சிறிது நேரம் பிடித்தது. முதல் ஒலிக்கு நாண்கள் அதிர வேண்டியதில்லை. இரண்டாவதற்கு அதிர வேண்டும். நாண்கள் சரியாக மூடினால் இரண்டு நேரங்களும் ஏறத்தாழச் சமமாக வரும். காற்று ஒழுகினால் இரண்டாவது குறையும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண் 1.4 ஐத் தாண்டினால் நாணில் தடிப்பு இருக்கலாம் என்று ஐயப்படுவார்கள். எனக்கு 15 செக்கனும் 9 செக்கனும் வந்தன. ஒரு மணிக்கூடு மட்டுமே தேவைப்படும் இந்தச் சோதனையை எந்தத் தோட்ட டிஸ்பென்சரியிலும் செய்யலாம். குரல்வளையைப் பார்ப்பதற்கு இது மாற்றல்ல, ஆனால் யாரை விரைவாக அனுப்ப வேண்டும் என்பதற்கு ஓரளவு உதவும்.

பிறகு, வாயிலிருந்து மாறாத தூரத்தில் ஒலிவாங்கியை வைத்து ‘ஆ’ என்ற ஒலியையும் ஒரு பந்தியையும் பதிவுசெய்தார்கள். அந்தப் பதிவுகளை வேறு சிகிச்சையாளர்கள், எது சிகிச்சைக்கு முந்தியது, எது பிந்தியது என்று தெரியாதபடி கலைத்துப் போட்ட வரிசையில் கேட்டு, கரகரப்பு, காற்றொழுக்கு, பலவீனம், இறுக்கம், ஒட்டுமொத்தப் பாதிப்பு ஆகியவற்றுக்கு 0 முதல் 3 வரை புள்ளி இடுவார்கள். ஜப்பானிய வைத்தியர் மினோரு ஹிரானோ 1981 இல் எழுதிவைத்த முறை அது. எவருக்கும் தான் கொடுத்த சிகிச்சை பலித்ததாகக் கேட்கவே மனம் விரும்பும் என்பதால், காதுக்குக் கூடத் திரை போடுகிறார்கள். அந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

ஆனால் அதிக நேரம் பிடித்தது கேள்விப் படிவம்தான். பார்பரா ஜேக்கப்சன் குழுவினர் 1997 இல் உருவாக்கிய அந்தப் படிவத்தில் 30 கூற்றுகள் உள்ளன, குரலால் அன்றாட வேலையிலும், உடலிலும், மனத்திலும் நேர்வதை நோயாளியே ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை குறிக்க வேண்டும், மொத்தம் 120. தமிழாக்கம் விளங்குகிறதா என்று முன்னோட்டமாகப் பார்ப்பதற்கு என்னிடமும் இன்னும் சிலரிடமும் முதலில் கொடுத்தார்கள். ஒரு கூற்று “என் குரலால் நான் ஊனமுற்றவளாக உணர்கிறேன்” என்றிருந்தது. என் வகுப்பில் நடக்க இயலாத பிள்ளை ஒருவர் இருக்கிறார். அந்தச் சொல் தன் மகனுக்குச் சொல்லப்பட்டபோது அவருடைய தாய் அடைந்த வேதனையை நான் அறிவேன். ஆகவே யோசிக்காமல் 0 என்று குறித்துவிட்டேன். பிறகு மனம் உறுத்தியது. பெற்றோர் கூட்டத்தில் பேச எழுந்து, குரல் வராமல் உட்கார்ந்துவிட்ட நாளில் நான் உணர்ந்தது நிச்சயமாக 0 அல்ல.

“தங்கச்சி, இந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள்” என்று மாணவியிடம் விளக்கினேன். அவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். ‘குரல் கம்மிப்போதல்’, ‘தொண்டை கட்டுதல்’ ஆகியவற்றை எங்கள் மக்கள் எந்தெந்த நிலைக்குச் சொல்கிறார்கள் என்றும் கேட்டு, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். ஆய்வு தொடங்கிய பின் சொற்களை மாற்றினால் முதற் படிவத்தையும் கடைசிப் படிவத்தையும் ஒப்பிட முடியாது, ஆகவே இப்போதே சொன்னது நல்லது என்றார். திருத்திய தமிழை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, பொருள் மாறவில்லை என்று உறுதிசெய்த பின்னரே படிவம் என்னிடம் திரும்பி வந்தது. அதில் அந்தக் கூற்று “என் குரலால் நான் முடங்கிப்போனதாக உணர்கிறேன்” என்று மாறியிருந்தது. இந்த முறை 3 என்று குறித்தேன்.

சிகிச்சை எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. பாதியளவு நீர் நிரப்பிய போத்தலில் உறிஞ்சு குழாயின் நுனியை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விட்டு, குமிழி வரும்படி மெல்ல ‘ஊ’ என்று குரல் எழுப்ப வேண்டும். வாயின் முன்பக்கம் ஏற்படும் தடையால் உள்ளே அழுத்தம் திரும்பி, நாண்கள் பலமாக மோதாமல் அதிரப் பழகுகின்றன. அதிகாலையும் மாலையும் பத்து நிமிடங்கள் செய்தேன். தோட்ட வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்தின் மெல்லிய சுவருக்கு அப்பாலிருந்து அயலவர்கள் விசாரித்தார்கள், விளக்கினேன், பிறகு பழகிவிட்டார்கள். கிசுகிசுத்துப் பேசுவது தொண்டைக்கு ஓய்வு என்று எண்ணியிருந்தேன். பலர் அப்போதும் தொண்டையை இறுக்கிக்கொள்கிறார்கள் என்பதால் அதையும் நிறுத்தச் சொன்னார்கள். இடுப்பில் கட்டும் சிறு ஒலிபெருக்கி ஒன்றை வாங்கினேன். அதிபர் அனுமதித்ததோடு, மழை கடுமையாகும் வேளையில் என் வகுப்பை எழுத்து வேலைக்கு மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுத்தார். நடுவில், விளையாட்டுப் போட்டிக் காலத்தில், பயிற்சியை விட்டுவிட்டு மைதானத்தில் கத்தினேன். பத்து நாள் உழைப்பு இரண்டு நாளில் போனது.

ஜூன் மாதத்தில் மறுபடி கமராவை இறக்கினார்கள். ஒரு பக்கத் தடிப்பு காணப்படவில்லை. மறுபக்கத்தில் சிறியதொன்று எஞ்சியிருந்தது. வண்டொலி 14 செக்கன் வந்தது. முதல் ஒலி 16. உயர்ந்த சுருதியில் தேவாரம் பாட இன்னும் முடியவில்லை. கடைசிப் படிவத்தை நிரப்பும்போது மாணவி சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார், என் கை போகும் இடத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. முடங்கிப்போனதாக உணர்கிறேன் என்ற கூற்றுக்கு எதிரே சிறிது நேரம் பேனாவைப் பிடித்திருந்து, 1 என்று குறித்தேன். முடிவுகள் வெளிவரும்போது தமிழில் ஒரு சுருக்கத்தைப் பாடசாலைக்கு அனுப்புமாறு கேட்டிருக்கிறேன். அவர் முகவரியை எழுதிக்கொண்டார்.