மெழுகு இளகும் மாதம்

அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையில் வீணை படிக்கச் சேர்ந்த புதிதில், பாட்டை விட விரல்தான் பெரிய கவலை. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்குத் தந்தியை இழுத்து இழுத்து, இடது கை ஆள்காட்டி விரலில் ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்காருவேன்.

தந்தியின் கீழே வரிசையாக இருக்கும் 24 மெட்டுகளும், அதாவது வீணையின் உலோகக் கட்டைகளும், மெழுகில்தான் நிற்கின்றன. சிதம்பரத்து மே மாத வெயிலில் அது கொஞ்சம் இளகினாலும் காந்தாரம் என்கிற 'க' சுரம் பிசகிவிடும். அப்புறம் மேளம் கட்டுபவரை, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதிப்பவரை, தேடிப் போக வேண்டும். அவர் காதை மட்டும் நம்பி ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தியதைப் பார்த்த அன்றுதான் சுருதி என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது.

பாடகர் தண்டபாணி தேசிகர் பணியாற்றிய துறை இது. அந்த நினைப்போடுதான் தினமும் உறையைப் பிரித்து வீணையை எடுக்கிறேன். இன்று கல்யாணி ராக வர்ணம், மூன்றாம் கால வேகத்தில்.