தோட்டத்துச் சனம் சங்கம் சொன்னபடிதான் போடுமா?

புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிற பொடியன்கள் பலருக்கு ஊர் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பகுதி. தேர்தல் வந்தால் அந்த ஊர்களைப் பற்றிக் கொழும்பில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "தோட்டத்துச் சனம், சங்கம் சொல்ற பக்கம் போடும்." பெறுபேறுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு பாதிக்கு மேல் நிற்காது.

2019 ஜனாதிபதித் தேர்தலில், தோட்டத் தொழிற்சங்கமும் கட்சியுமான இ.தொ.கா. (இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) கோட்டாபய ராஜபக்ஷ பக்கம் நின்றது. நுவரெலியா மாவட்டம் எதிரே நின்ற சஜித் பிரேமதாசவுக்கு 58 வீதம் கொடுத்தது. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2020 ஆகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் அதே இ.தொ.கா. கோட்டாபய கட்சியின் மொட்டுச் சின்னத்தில் இறங்க, அதன் வேட்பாளர் ஜீவன் தொண்டமானுக்கு ஒரு இலட்சத்து 9 ஆயிரம் விருப்பு வாக்கு (கட்சிப் பட்டியலில் ஆளுக்குப் போடும் வாக்கு). மொட்டுக்கு எட்டில் ஐந்து ஆசனம். அந்த மே மாதம் ஜீவனின் தந்தை, இ.தொ.கா. தலைவர் ஆறுமுகன் தொண்டமான் காலமான அனுதாபமும் அதில் சேர்ந்தது. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இ.தொ.கா. அப்போதைய ஜனாதிபதி ரணிலோடு. மாவட்டத்தில் முதலில் வந்தவர் மறுபடியும் சஜித். மே தினத்தன்று கொட்டகலையில் ரணில் அறிவித்த 1,700 ரூபா நாட்சம்பளம், கம்பனிகள் நீதிமன்றம் போனதில் இழுபட்டு, தேர்தல் நேரம் 1,350இல் வந்து நின்றது. சஜித் பக்கமும் திகாம்பரம், இராதாகிருஷ்ணன் ஆகியோரின் சங்கங்கள் இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது.

ஆக, ஜனாதிபதிக்குப் போடும்போது சம்பளமும் விலைவாசியும் பேசும். எம்.பி.க்குப் போடும்போது லயத்துக் (தோட்ட வரிசை வீட்டுக்) கூரை, பாதை, பொலிஸ் பிரச்சினை என்றால் போன் எடுக்க ஓர் ஆள் என்ற கணக்கு வரும். சங்கத்தின் பிடி இருப்பது இரண்டாவதில்தான்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அந்தப் பிடியும் தளர்ந்தது. ஆனால் திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) கிடைத்த ஐந்து ஆசனத்தை வைத்து "மலையகமே மாறிவிட்டது" என்று எழுதியவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. திசைகாட்டி 161,167, டெலிபோன் (சஜித்தின் கட்சி) 101,589, யானை (இ.தொ.கா. இந்த முறை இறங்கிய ஐ.தே.க. சின்னம்) 64,672. எட்டில் ஓர் ஆசனம் முதலில் வந்த கட்சிக்குப் போனஸ். 5 வீதத்துக்குக் கீழே உள்ளவர்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஏழால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 46,800 வாக்கு. முழுசாக மூன்று, இரண்டு, ஒன்று. மிஞ்சிய ஓர் ஆசனம் பெரிய மீதி வைத்திருந்த திசைகாட்டிக்கு. அதோடு போனஸ், ஐந்து.

இப்போது டெலிபோனையும் யானையையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள்: 166,261. போனஸும் மீதி ஆசனமும் கைமாறி, கணக்கு ஐந்துக்கு மூன்று என்று திரும்பிவிடும். வாக்குகள் அப்படியே வந்து ஒட்டாது. டெலிபோனில் விழுந்த சிங்கள, முஸ்லிம் வாக்குகள் சேவற்காரரோடு (சேவல் இ.தொ.கா.வின் சொந்தச் சின்னம்) சேர்ந்து வருமா என்பது சந்தேகம். என்றாலும் ஐயாயிரம் வாக்கு வித்தியாசம் இரண்டு ஆசனத்தைப் புரட்டும் என்பதைத் தெரியாமல் மலையகப் பெறுபேறு படிக்கக்கூடாது.

இன்னொரு தடுமாற்றம், தொகுதி. பாராளுமன்றப் பெறுபேறு தொகுதி வாரியாகத்தான் வெளியாகும். நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் மட்டும் மாவட்டத்தின் பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். அதற்குள் தலவாக்கலை டவுன் எங்கே சாய்ந்தது என்று தேடினால் கிடைக்காது. 2018இலிருந்து உள்ளூராட்சித் தேர்தல் வட்டார முறையில் நடப்பதால், சின்ன டவுனைப் பிரித்துப் பார்க்க அந்தப் பெறுபேறுதான் வழி. டவுன் வட்டாரத்தில் கடைக்காரரும் அரச ஊழியரும். பக்கத்து வட்டாரம் முழுக்க லயம். உள்ளூராட்சியில் சின்னத்தை விட ஆளுக்கு விழும் வாக்கு அதிகம் என்பதால் அதையும் அப்படியே பாராளுமன்றத்துக்குப் பொருத்த முடியாது. தபால் வாக்கை வைத்து இரவு பத்து மணிக்கே முடிவு சொல்கிறவர்களைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அதில் கொழுந்து பறிக்கிறவர்கள் இல்லை.

நிராகரிக்கப்பட்ட வாக்கையும் பாருங்கள். 2024இல் நாடு முழுக்க ஜனாதிபதித் தேர்தலில் அது 2.2 வீதம், பாராளுமன்றத்தில் 5.65. காரணம் வாக்குச்சீட்டு. நுவரெலியாவில் கட்சிகளுக்குக் கீழே 11 விருப்பு இலக்கங்கள். "நம்ம ஆளின் இலக்கம்" என்று பிரசாரம் முழுக்க இலக்கத்தையே மனப்பாடம் செய்தவர், சின்னத்துக்கு எதிரே புள்ளடி போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டுவிட்டால் முழு வாக்கும் போச்சு. மூன்றுக்கு மேல் இலக்கம் போட்டால் விருப்பு வாக்கு மட்டும்தான் போகும், கட்சி வாக்கு நிற்கும். அதே வேட்பாளர் ஒரு தேர்தலில் மொட்டு, அடுத்ததில் யானை, பிரதேச சபைக்குச் சேவல் என்று வந்தால் யார்தான் குழம்பமாட்டார்?

கடைசியாக, கொழும்பில் இருந்துகொண்டு ஊரில் பதிவுள்ளவர்கள். 2024 செப்டெம்பர் 21 சனிக்கிழமை. நவம்பர் 14 வியாழன், அதுவும் தீபாவளிக்கு ஊர் போய் வந்து இரண்டு கிழமையில். மறுபடி பஸ் காசு, மறுபடி லீவு. வாக்களிக்கத் தனியார் துறைக்கும் சம்பளம் வெட்டாத விசேட லீவு உண்டு: 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேட்க வேண்டும். முதலாளிகள் பலருக்கு இந்த அட்டவணை தெரியாது; தெரிந்தவர்களும் அரை நாளைத்தான் முதலில் நீட்டுவார்கள்.