கிரைண்டர் மோட்டார் எரிந்த வாரம்

அக்டோபர் 8
மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை. நைட் ஷிப்டில் பிளாஸ்டிக் கிரைண்டரின் 10 ஹெச்.பி. மோட்டார் போய்விட்டது. ஷெட் முழுக்க வார்னிஷ் கருகின வாடை. மூடியைக் கழற்றினால் ஒரு பேஸ் காயில் மட்டும் கரிக்கட்டை; மற்ற இரண்டும் பளபளவென்று அப்படியே. டெல்டா மோட்டாரில், அதாவது மூன்று காயிலையும் முக்கோணமாக இணைத்ததில், இந்தக் கோலம் தெரிந்தால் ஜோசியம் பார்க்க வேண்டாம், லைனில் ஒரு பேஸ் போயிருக்கிறது. பேனலில் ஒரு பியூஸ் கட்.

"ரிலே இருக்குல்லண்ணே, அது ஏன் தூக்கலை?" என்றான் ஹெல்பர் தம்பி. கேட்க வேண்டிய கேள்விதான். கரண்ட் அளவுக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டியது அந்த ஓவர்லோட் ரிலேதான்.

அக்டோபர் 9
நேம் பிளேட்டில் 14 ஆம்ப்ஸ். ரிலே டயலிலும் 14. பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் இந்த ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் (ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றுவது) ரிலே இருப்பது காயிலுக்குப் போகும் வயரில். அங்கே ஓடுவது லைன் கரண்டில் 58 சதவீதம்தான். 8-ல் வைத்திருக்க வேண்டும். முழு லோடில் ஒரு பேஸ் போனால் அந்த ஒரு காயில் மட்டும் 16 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். 8-ல் வைத்த ரிலே ஓரிரு நிமிடத்தில் தூக்கிவிடும். 14-ல் வைத்த பழைய ரிலேவுக்கு 16 ஒரு பொருட்டா? காயில் வெந்தே போகும். இந்த வட்டாரத்தில் பாதி பேனல் இப்படித்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

அக்டோபர் 10
திருமங்கலத்தில் வைண்டிங் பட்டறை. பட்டறை அண்ணன் பழைய காயிலை உருவ புளோ லாம்பை எடுத்தார். தடுத்தேன். கோர் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பூச்சு தீயில் போனால் தகடுகள் ஒட்டிக்கொண்டு, அப்புறம் லோடே இல்லாமல் ஓடினாலும் மோட்டார் சுடும். முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கம் வெட்டி உருவினார். சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 12
ராத்திரி நல்ல மழை. ஸ்பேர் மோட்டாரில் மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைத்தால் அரை மெகா ஓம்தான், ரொம்பக் குறைவு. ஈரம் காய உள்ளே பல்பு போட்டு மூடிவைத்திருக்கிறோம்.

அக்டோபர் 14
மோட்டார் ஏறியது. வயரைக் கவ்விக் கரண்ட் பார்க்கும் டங் டெஸ்டரில் லைனின் மூன்று பேஸும் 11 ஆம்ப்ஸை ஒட்டி. ரிலே 8-ல்.

மதியமே ரிலே தூக்கிவிட்டது. ஆபரேட்டர் ஸ்குரூ டிரைவரோடு வந்துவிட்டார். "கொஞ்சம் ஏத்திவிடுங்க சார், புரொடக்‌ஷன் நிக்குது." முதலாளிதான் சத்தம் போட்டார்: "முதல்ல கிரைண்டரைத் திறந்து பாருங்கப்பா!" கத்தியில் கம்பித்துண்டு சிக்கியிருந்தது. ஒரு பேஸ் போனாலே மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டருக்கும் விலை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.