ஓட்டர் ஐடி கைக்கு வந்துடுச்சு, ஆனா மூணு மாசம் அலைய விட்டுட்டாங்க

நேத்து போஸ்ட்மேன் வந்து கார்ட குடுத்துட்டு போனாரு. என் போட்டோ, என் பேரு, கீழ கொடுங்கையூர் அட்ரஸ். அம்மா ஈரக்கையோட ஓடி வந்து வாங்கிப் பாத்தாங்க. காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பசங்க யாராச்சும் அப்ளை பண்ணப்போறீங்கன்னா இத படிச்சிட்டு போங்க, நான் பட்டத நீங்களும் பட வேணாம்.

எனக்கு மார்ச்ல 18 முடிஞ்சுது. மே மாச லீவுல ஃபார்ம் 6 (ஓட்டர் லிஸ்ட்ல புதுசா பேரு சேக்குற ஃபார்ம்) எழுதி, டென்த் மார்க் ஷீட் ஜெராக்ஸ் எல்லாம் வச்சு, மூலக்கடை வரைக்கும் வெயில்ல நடந்து பஸ் புடிச்சு ஆபீசுக்கு போனேன். ஒன்றரை மணி நேரம் நின்னேன். கவுன்ட்டர்ல இருந்தவரு பிறந்த தேதிய மட்டும் பாத்துட்டு "ஜனவரி 1 அன்னிக்கு 18 ஆயிருக்கணும்மா, உனக்கு ஆகலயே, அடுத்த வருஷம் வா"ன்னு ஃபார்ம திருப்பி குடுத்துட்டாரு. நானும் நம்பி வந்துட்டேன், அதான் இன்னும் மனசு ஆறல.

ஏன்னா அது பழைய சட்டம். 2021ல சட்டத்த திருத்தி, 2022 ஆகஸ்ட் 1ல இருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ன்னு வருஷத்துக்கு நாலு தேதி வச்சிட்டாங்க. மார்ச்ல 18 ஆன எனக்கு ஏப்ரல் 1 கணக்குலயே பேரு சேத்திருக்கணும். 17 முடிஞ்சவங்க கூட முன்னாடியே அப்ளை பண்ணி வைக்கலாம். இதெல்லாம் எங்க என்எஸ்எஸ் மேம் சொல்லித்தான் எனக்கே தெரியும், அதுக்குள்ள ஒரு மாசம் போயிடுச்சு. தயவு செஞ்சு யாரும் "அடுத்த வருஷம் வா"ன்னு சொன்னத கேட்டுட்டு திரும்பி வந்துடாதீங்க, அந்த நாலு தேதியையும் சொல்லி கேளுங்க.

அப்புறம் ஆன்லைன்ல போட்டேன், பத்து நிமிஷ வேலை. ஆனா அட்ரஸ் ப்ரூஃப்ல மறுபடி மாட்டிக்கிட்டேன். நாங்க வாடகை வீடு. ஆதார்ல இன்னும் கொருக்குப்பேட்டை பழைய அட்ரஸ், கரண்ட் பில் ஹவுஸ் ஓனர் பேர்ல, அக்ரிமென்ட்டும் ரிஜிஸ்டர் பண்ணாதது, அது செல்லாது. கேஸ் பில் மட்டும் அம்மா பேர்ல இருந்துச்சு, கனெக்‌ஷன் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அத அப்லோட் பண்ணேன். வீட்டுக்கு விசாரிக்க வந்த பிஎல்ஓ (எங்க ஏரியா ஓட்டர் லிஸ்ட்ட பாத்துக்குற பூத் லெவல் ஆபீசர்) அக்கா தான் சொன்னாங்க, அம்மா அப்பா பேர்ல ப்ரூஃப் குடுத்தா அவங்க ஓட்டு இதே அட்ரஸ்ல இருக்கணுமாம். அம்மா ஓட்டு இன்னும் கொருக்குப்பேட்டைலயே கெடக்கு! வீடு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு, எங்க யாருக்கும் தோணவே இல்ல. முதல்ல அம்மாவுக்கு அட்ரஸ் மாத்துற ஃபார்ம் 8 போட்டு மாத்துனோம், அதுக்கப்புறம் தான் என்னுது நகர்ந்துச்சு. அந்த அக்கா அங்கன்வாடி வேலையையும் பாத்துக்கிட்டு ரெண்டு தடவ மாடி ஏறி வந்தாங்க, அவங்களுக்கு ரொம்ப நன்றி.

வாடகை வீட்டுல இருக்குறவங்க அப்ளை பண்றதுக்கு முன்னாடி வீட்டுல பெரியவங்க ஓட்டு எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க. ரெஃபரன்ஸ் நம்பர ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. பதிலே வரலன்னா ஓட்டர் ஹெல்ப்லைன் 1950க்கு போன் பண்ணுங்க. ஹாஸ்டல்ல இருக்குறவங்க சொந்த ஊர்லயும் போடலாம், இல்ல காலேஜ்ல சர்டிஃபிகேட் வாங்கி ஹாஸ்டல் அட்ரஸ்லயும் போடலாம், ஏதாவது ஒண்ணுல மட்டும் தான். பொய்யா எழுதிக் குடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, வெளையாடாதீங்க.

கீழ் வீட்டு பொண்ணுக்கு நவம்பர்ல 18 ஆவுது. அவளுக்கு ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து ஃபார்ம் 6 போட்டுக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன், அவ அம்மா ஓட்டு இந்த அட்ரஸ்ல தான் இருக்கான்னு நேத்தே செக் பண்ணிட்டேன், இருக்கு.