மாவட்டம் வருது, வட்டம் வரலை: ஜாவாஸ்கிரிப்டைத் திருப்பி இயக்கிய கதை

அண்ணன் புது லேப்டாப் வாங்கியதும் பழையது என் கைக்கு வந்தது. அவர் கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர், எந்த இணையதளத்தையும் லேசில் நம்பமாட்டார். அதில் இருந்த ஒரே பிரௌசர் ஃபயர்பாக்ஸ். செய்தித் தளங்களும் விக்கிப்பீடியாவும் பறந்தன, விளம்பரத் தொல்லையும் இல்லை. அக்கா மகளுக்கான கல்வி உதவித்தொகைப் படிவத்தைத் திறந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

பெயர், பிறந்த தேதி எல்லாம் அடிக்க முடிந்தது. மாவட்டத்தில் திருப்பூரைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த பெட்டியில் வட்டங்கள் வரவேண்டும். 'தேர்ந்தெடுக்கவும்' என்ற ஒற்றை வரியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை. அதே படிவம் போனில் ஒழுங்காகத் திறந்ததால் சர்வர் மேல் பழி போடவும் வழியில்லை. ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் லேப்டாப்பில் கிடந்தன.

காரணத்தைக் காட்டிக் கொடுத்தது வேறொரு தளம். 'ஜாவாஸ்கிரிப்டை இயக்கவும்' என்று மேலே ஒரு வரி போட்டிருந்தார்கள். தளத்தோடு வந்து நம் பிரௌசருக்குள் ஓடும் நிரல்களை (ஸ்கிரிப்ட்) எழுதும் மொழி அது. இந்த லேப்டாப்பில் அது அணைந்திருந்தது. நோஸ்கிரிப்ட் என்ற குறிச்சொல்லுக்குள் எழுதி வைத்தால், ஸ்கிரிப்ட் ஓடாத பிரௌசரில் மட்டும் அந்த வரி தெரியும். உதவித்தொகைப் படிவம் செய்தவர்களுக்கு அதற்குக்கூட மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் ஜாவா இன்ஸ்டால் பண்ணச் சொன்னார். பெயரில் பாதி ஒன்றாக இருக்கிறதே தவிர, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஃபயர்பாக்ஸின் செட்டிங்ஸில் தேடினால் இதற்கான பொத்தானே கிடையாது. 2013இல் வந்த 23ஆம் பதிப்பில் அந்த டிக் பெட்டியை எடுத்துவிட்டார்கள். தெரியாமல் அணைத்துவிட்டு இணையமே கெட்டுப்போனதாக நினைப்பவர்கள் இருந்ததால், அது நியாயமான முடிவுதான். இப்போது முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடிக்கவேண்டும். ஜாக்கிரதை என்று ஓர் எச்சரிக்கை வரும். அதைத் தாண்டினால் தேடுபெட்டி. அதில் ஜாவாஸ்கிரிப்ட், புள்ளி, எனேபிள்டு என்று தேடினேன். வரி தடித்த எழுத்தில் இருந்தது, மதிப்பு ஃபால்ஸ், அதாவது அணைந்த நிலை. தடித்த எழுத்து என்றால் யாரோ கைவைத்து மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். வலது ஓரத்தில் இருந்த அம்புக்குறிகளை அழுத்தியதும் ட்ரூ ஆனது. படிவத்தை ரீலோட் செய்தேன். அவிநாசியில் தொடங்கி ஊத்துக்குளி வரை எல்லா வட்டமும் வரிசைகட்டி வந்து நின்றன.

மறுநாள் பிரௌசரைத் திறந்தால் மறுபடியும் ஃபால்ஸ்!

"அண்ணா, மாத்தி வெச்சாலும் திரும்ப அணைஞ்சுடுதே?"

"யூசர் ஜேஎஸ்னு ஒரு ஃபைல் போட்டு வெச்சிருக்கேன்டா. ஒவ்வொரு தடவையும் அதைப் படிச்சுட்டுத்தான் ஃபயர்பாக்ஸ் கிளம்பும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடு."

முகவரிப் பட்டையில் கான்ஃபிக்குக்குப் பதில் சப்போர்ட் என்று அடித்தால் வரும் பக்கத்தில், நம் அமைப்புகளை ஃபயர்பாக்ஸ் சேமித்து வைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. அண்ணன் சொன்ன ஃபைல் அதில்தான் இருந்தது. ஃபோல்டரைத் திறந்துகொண்டு பிரௌசரை மூடினேன். ஃபைலை நோட்பேடில் திறந்து அந்த வரியை நீக்கிச் சேமித்தேன். வரியை நீக்கினால் மட்டும் போதாது, கடைசியாக இருந்த ஃபால்ஸ் அப்படியே தங்கியிருக்கும். கான்ஃபிக் பக்கத்துக்குப் போய் இன்னொரு முறை ட்ரூ ஆக்கவேண்டும். அதன்பிறகு மாறவில்லை.

1995இல் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். மெதுவான மோடம் இணைப்புக் காலம் அது. படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது என்று சொல்லவே சர்வர் வரை போய்வரவேண்டும். அந்தச் சின்னச் சோதனையைப் பிரௌசரே செய்துகொள்ள ஒரு வழி கிடைத்தது. 2004இல் ஜிமெயில், அடுத்த ஆண்டு கூகுள் மேப்ஸ் என்று வந்தபின் கதையே மாறியது. முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றாமல், தேவையான துண்டை மட்டும் ஸ்கிரிப்ட் சர்வரிடம் கேட்டு வாங்கிப் பொருத்தும். என் படிவமும் அப்படித்தான். 38 மாவட்டங்களின் வட்டங்களையும் முதலிலேயே அனுப்பாமல், நான் திருப்பூர் என்றதும் அதன் பட்டியலை மட்டும் கேட்கும். கேட்கவேண்டிய ஆள் தூங்கினால் பெட்டி காலி.

இன்னும் சில தளங்களில் கண்ட்ரோல், யூ அழுத்தி மூலநிரலைப் பார்த்தால் டிவ் என்ற ஒரு காலிப் பெட்டியும் நாலைந்து ஸ்கிரிப்ட் வரிகளும்தான் இருக்கின்றன. மொத்தப் பக்கமும் நம் கணினியில்தான் கட்டப்படுகிறது. 2025 ஜனவரியிலிருந்து கூகுள் தேடலே ஜாவாஸ்கிரிப்ட் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அண்ணன் பயப்படுவதில் தப்பில்லை. யாரோ எழுதிய நிரல் நம் கணினியில் ஓடுகிறது. நம்மைப் பின்தொடரும் விளம்பர நிரல்களும் இதே வழியில்தான் வருகின்றன. அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டோர் பிரௌசரின் உச்சப் பாதுகாப்பு நிலையில் எல்லாத் தளங்களுக்கும் ஸ்கிரிப்ட் அணைந்திருக்கும். ஆனால் படிவமும் டிக்கெட்டுமாக வாழும் நமக்கு அது கட்டுப்படியாகாது. நான் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பிரௌசரில் போட்டிருக்கிறேன். விளம்பர நிரல்களைத் தானே தடுக்கும், சந்தேகமான தளத்துக்கு மட்டும் ஸ்கிரிப்டை அணைக்கவும் அதில் பொத்தான் உண்டு.

க்ரோமில் இவ்வளவு அலைச்சல் இல்லை. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ் என்று போனால் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும். ஐபோனில் சஃபாரி செட்டிங்ஸின் அடியில், அட்வான்ஸ்டு என்ற இடத்தில். அலுவலகக் கணினியில் அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் இருந்தால் நிர்வாகம் பூட்டியிருக்கிறது, சிஸ்டம் அட்மினிடம்தான் கேட்கவேண்டும்.