அடிதடிப் பட்டம் வந்த வழி

எங்கள் அலுவலகத்தில் வேலை என்பது பார்ப்பது, பார்த்ததை எழுதுவது. வெளிநாட்டுக் காணொளிக் காப்பகங்கள் பழைய விளையாட்டு நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றி அனுப்புவார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை பார்த்து, எங்கே என்ன நடக்கிறது என்று லாக் ஷீட்டில் பதிய வேண்டும். குத்துச்சண்டை, குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம் எல்லாம் வரும். தொழில்முறை மல்யுத்தத்தை, அதிலும் ரத்தம் தெறிக்கிற ஹார்ட்கோர் வகையை, இரவு ஷிஃப்ட்டில் யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு சேர்த்துவைத்து, யாருக்கு எத்தனை கிலோ, எத்தனை வெற்றி என்று மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை என்னுடையது. அந்த ஆசை இன்னும் விடவில்லை.

ஷீட்டில் கட்டங்கள் உண்டு: தேதி, ஊர், மோதியவர்கள், பட்டம் பணயத்தில் இருந்ததா, கை மாறியதா, எச்சரிக்கை, குறிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த அக்கா ஒருவர் அந்தக் கடைசிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “தம்பி, பட்டம் யார் கைக்குப் போச்சுங்கிறது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். அதுக்காக நம்மகிட்ட யாரும் வரமாட்டாங்க. எப்படிப் போச்சுன்னு இங்க எழுது. அதுக்குத்தான் சம்பளம்.” ஹார்ட்கோர் பட்டங்களின் வரலாற்றை நான் படித்தது முழுக்க அந்தக் கட்டத்தை நிரப்பும் வேலையில்தான்.

அமெரிக்காவில் மல்யுத்தம் ஒரு காலத்தில் வட்டார வியாபாரம். 1948இல் அயோவா மாநிலம் வாட்டர்லூவில் சில நடத்துநர்கள் கூடி நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஒருவருடைய எல்லைக்குள் இன்னொருவர் கடை விரிக்கக்கூடாது. உலகச் சாம்பியன் என்று ஒருவர் இருப்பார், அவர் எல்லா வட்டாரங்களையும் சுற்றி வருவார். அவரோடு மோத ஒவ்வொரு ஊரிலும் பிடி தெரிந்த, நிதானமான ஆள் வேண்டும். ஆனால் கூட்டத்தை இழுத்தவர்கள் பல ஊர்களில் வேறு ரகம். வைல்ட் புல் கரி என்று ஒருவர். லெபனான் வம்சாவளி, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர், அங்கே போலீஸ்காரராகவும் இருந்தவர். நெற்றிக்குக் கீழே புதர் மாதிரிப் புருவம். 1940இல் முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன் ஜாக் டெம்ப்சியோடு மோதித் தோற்றிருக்கிறார். இப்படிப்பட்டவரைப் பிடி மல்யுத்தத்துக்குள் அடக்க முடியாது. டெக்சாஸில் இவரைப் போன்றவர்களுக்கென்றே ‘பிராஸ் நக்கிள்ஸ்’ பட்டம் இருந்தது. விரல்களில் மாட்டிக் குத்தும் பித்தளை ஆயுதத்தின் பெயர் அது. வழக்கமான போட்டியில் தகுதி நீக்கத்துக்குக் காரணமான அடிதடிதான் இந்தப் பட்டத்தில் ஆட்டமே. கரி இதை இருபது முறைக்கு மேல் வென்றார்.

இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் எனக்கு வேலை செய்யச் செய்யத்தான் விளங்கியது. பெரிய பட்டத்தின் மரியாதையும் கெடவில்லை. அடிதடிக்காரனுக்கும் வாராவாரம் வேலை கிடைத்தது. மல்யுத்தத்தின் முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. ஆகவே ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதென்றால், “இவரை வைத்து இன்னும் சில மாதம் டிக்கெட் விற்கலாம்” என்று முதலாளி நம்புகிறார் என்று பொருள். பட்டத்தை நான் பணி நியமனமாகப் பார்க்கத் தொடங்கியது அப்போதிருந்துதான். விழுகிற அடியை மட்டும் யாரும் முழுதாக முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. அதை வாங்கிக்கொள்வது தொழிலாளியின் பொறுப்பு.

இனி டுபெலோ. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத பதிவு அது. மிசிசிப்பி மாநிலத்துச் சிறிய ஊர். 1979 ஜூன் 15. மெம்ஃபிஸ் வட்டாரத்தின் செல்லப்பிள்ளைகளான ஜெர்ரி லாலரும் பில் டண்டீயும், லாரி லேதம், வெய்ன் ஃபெரிஸ் என்ற இரண்டு பொன்முடிக்காரர்களிடம் இருவர் அணிக்கான தெற்கு இணைப் பட்டத்தை இழக்கிறார்கள். ஷீட்டைப் பொறுத்தவரை வேலை அங்கே முடிந்துவிடும்: பட்டம் கை மாறியது, ஆம். ஆனால் சண்டை வளையத்தை விட்டு இறங்கி, அரங்கத்தின் தின்பண்டக் கடைக்குள் போய்விடுகிறது. ஒரே ஒரு கேமரா பின்னாலேயே ஓடுகிறது. வெளிச்சம் போதாது, சட்டகம் ஆடுகிறது, ஒருவர் முதுகு மறைத்து இன்னொருவர் முகம் தெரியவில்லை. கடுகு சாஸ் ஜாடி பறக்கிறது. தரையெல்லாம் மஞ்சள் வழவழப்பு. அதில் வழுக்கிக்கொண்டே அடித்துக்கொள்கிறார்கள். வர்ணனையாளர் லான்ஸ் ரஸ்ஸலின் குரலில் நடிப்பே இல்லாத பதற்றம். மெம்ஃபிஸின் சனிக்கிழமைத் தொலைக்காட்சியில் இது ஒளிபரப்பானபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. அந்தப் பட்டம் அடுத்து யாரிடம் போனது என்று கேட்டால் தீவிர ரசிகர்கள்கூடப் பட்டியலைத் தேடுவார்கள். தின்பண்டக் கடையை யாரும் தேட வேண்டியதில்லை.

1981இல் அதே டுபெலோவில் அதே மாதிரி இன்னொரு கடைச் சண்டை நடந்தது. எடி கில்பர்ட், ரிக்கி மார்ட்டன் ஒரு பக்கம். மறுபக்கம் ஜப்பானிலிருந்து தொழில் கற்க அனுப்பப்பட்டிருந்த இரண்டு இளைஞர்கள், மாசனோபு புச்சியும் அட்சுஷி ஓனிடாவும். இந்த ஓனிடா என்ற பெயர்தான் என் ஷீட்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டது.

ஓனிடா ஜப்பான் திரும்பி ஆல் ஜப்பான் கம்பெனியில் இலகு எடைப் பிரிவில் நட்சத்திரமானார். பிறகு முழங்கால் போனது. 1985 ஜனவரியில் ஓய்வு. பறந்து பறந்து ஆடியவருக்குக் கால் இல்லையென்றால் என்ன மிச்சம்? 1989இல் ஐம்பதாயிரம் யென் முதலோடு எஃப்.எம்.டபிள்யூ. என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். பெரிய கம்பெனிகளின் தரத்துக்கு ஆட இனி உடம்பு இடம் கொடுக்காது. டுபெலோவில் கற்ற பாடம் கையில் இருந்தது. அதோடு முள்கம்பியையும் வெடியையும் சேர்த்தார். 1990 ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோவின் ஷியோடோமே திடலில், கயிறுகளுக்குப் பதில் முள்கம்பி கட்டி, தொட்டால் வெடிக்கும்படி அமைத்த வளையத்தில் டார்சான் கோட்டோவோடு மோதினார். அவருடைய கம்பெனியின் உச்சப் பட்டத்துக்கும் பெயர் பிராஸ் நக்கிள்ஸ். டெக்சாஸில் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்த பட்டத்தின் பெயர் ஜப்பானில் ஒரு கம்பெனியின் நடு வீட்டுக்கு வந்துவிட்டது.

கவாசாகி மைதானத்தில் 1993 மே 5 நடந்த ஆட்டத்தை லாக் செய்த இரவு நான் இடைவேளைக்குப் போகவில்லை. ஓனிடாவுக்கு எதிரே டெரி ஃபங்க், டெக்சாஸின் அமரில்லோக்காரர், முன்னாள் உலகச் சாம்பியன், வயது நாற்பத்தெட்டு. குறித்த நேரத்தில் வளையம் முழுவதும் வெடிக்கும் என்பது நிபந்தனை. ஓனிடா ஜெயித்துவிட்டார், ஃபங்க் எழவில்லை. சைரன் ஒலிக்கிறது. வெளியே போன ஓனிடா திரும்பி உள்ளே வந்து ஃபங்கின் கன்னத்தைத் தட்டி எழுப்பப் பார்க்கிறார். முடியவில்லை. கடைசி நொடிகளில் அவர்மேல் கவிழ்ந்து படுத்துத் தன் உடம்பால் மூடிக்கொள்கிறார். வளையம் வெடிக்கிறது. திட்டமிட்ட காட்சிதான், தெரியும். ஆனாலும் புகை எவ்வளவு, தீப்பொறி எங்கே தெறிக்கும் என்று அந்த இருவருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எதிராளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலின் முதல் விதி. பொதுவாக அதை ரசிகர் கண்ணுக்குத் தெரியாமல் செய்வார்கள். அன்று அதையே கதையாக்கி மைதானத்தின் முன்னால் வைத்தார்கள். எச்சரிக்கைக் கட்டத்தில் ‘வெடி, தீ, ரத்தம்’ என்று எழுதினேன். குறிப்பில் இந்தக் கவிழ்ந்து படுத்ததை நேரத்தோடு எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து, 1995 மே 5, அதே மைதானத்தில் ஓனிடாவின் ஓய்வு ஆட்டம். வெடிக் கூண்டுக்குள் எதிராளி ஹயபுசா, இருபத்தாறு வயது இளைஞர். பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்தோடு ஓனிடா விடைபெற்றார். பிறகு பலமுறை திரும்பி வந்தார் என்பது வேறு கதை. அதே வருடம் ஆகஸ்ட் 20, அதே கவாசாகியில் ஐ.டபிள்யூ.ஏ. ஜப்பான் என்ற வேறொரு கம்பெனி நடத்திய மரண ஆட்டப் போட்டித் தொடரின் இறுதியில் டெரி ஃபங்கை வென்றவர் காக்டஸ் ஜாக். அவருடைய சொந்தப் பெயர் மிக் ஃபோலி.

டிரம்ப் கார்டு தலைமுறைக்கு அவரை மேன்கைண்ட் என்றால் தெரியும். 1998 நவம்பர் 2 அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதன்முதலாக ஒரு ஹார்ட்கோர் பட்டத்தை உருவாக்கி அவர் கையில் கொடுத்தது. உடைந்துபோன பழைய சாம்பியன் பெல்ட் ஒன்றை டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். கதைப்படி, முதலாளி மக்மஹோன் அவரை ஏமாற்றக் கொடுத்த பொம்மை அது. ஆனால் அந்தப் பெல்ட் பொருத்தமான ஆளிடம்தான் போய்ச் சேர்ந்தது என்பது என் தீர்மானம். டுபெலோ கடைச் சண்டையில் ஓனிடா கற்றதை ஃபங்க் எதிரே நின்று வாங்கினார், ஃபங்கிடமிருந்து ஃபோலி வாங்கினார். எந்தப் பட்டியலும் இந்த மூன்று கம்பெனிகளின் பட்டங்களை ஒரே கோட்டில் போடாது. நாடாக்களை வரிசையாகப் பார்த்தவனுக்கு அந்தக் கோடு தெரியும்.

அதற்குப் பிறகான வரலாறு வேகமானது. 2000 பிப்ரவரியில் கிராஷ் ஹாலி என்ற சிறிய உருவக்காரர் பட்டத்தை வென்று, இருபத்துநான்கு மணி நேரமும் எங்கே வேண்டுமானாலும் மோதத் தயார் என்று அறிவித்தார். நடுவர் ஒருவர் இருந்தால் போதும். தூங்கும்போது ஹோட்டல் அறையில், குழந்தைகள் விளையாட்டு அரங்கில், எங்கும் துரத்தினார்கள். அந்த ஏப்ரலில், நிறுவனத்தின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் பதினைந்து நிமிடத்தில் பத்து முறை பட்டம் கை மாறியது. ரேவன் என்ற வீரர் மொத்தம் 27 முறை வென்றார். பட்டத்தின் மதிப்பு இதனால் போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பெரிய ஆட்டத்துக்கு ஒருபோதும் அழைக்கப்படாத பலருக்கு அந்த இரண்டு வருடமும் தொலைக்காட்சியில் இடம் கிடைத்தது. நிறுவனத்தின் கணக்கில் இவர்கள் ஊழியர்கள்கூட இல்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். திரையில் தெரிந்தால்தான் பிழைப்பு. எனக்கு வருத்தமெல்லாம் தலையில் வாங்கிய நாற்காலி அடிகள் மேல்தான். 2010 வாக்கில்தான் அந்த நிறுவனம் தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்தது. அதற்கு முந்தைய நாடாக்களில் ஒவ்வோர் அடியையும் நான் நொடி குறித்து எழுதுகிறேன். கிராஷ் ஹாலி 2003இல், 32 வயதில் இறந்தார்.

ஹயபுசாவின் கடைசி நாடாவை எடுக்க எனக்கு நாள் பிடித்தது. 2001 அக்டோபர் 22, டோக்கியோ கொரகுவென் அரங்கம். வெடியும் இல்லை, முள்கம்பியும் இல்லை. வழக்கமாகச் செய்கிற பல்டிக்காகக் கயிற்றில் ஏறுகிறார், கால் நழுவுகிறது, தலைகுப்புற விழுகிறார். கழுத்து முறிந்து உடல் செயலிழந்தது. 1995இன் வெடிக் கூண்டிலிருந்து நடந்து வெளியே வந்தவர், தினசரி வேலையில் விழுந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்த எவருக்கும் இது புரியும். 2002 பிப்ரவரியில் அவர் ஆடிவந்த, ஓனிடா தொடங்கிய எஃப்.எம்.டபிள்யூ. கம்பெனி கடனில் மூழ்கி மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ராப் வான் டாம், டாமி டிரீமரை வென்று அமெரிக்க நிறுவனத்தின் ஹார்ட்கோர் பட்டத்தை அதே நிறுவனத்தின் இன்டர்கான்டினென்டல் என்ற இன்னொரு பட்டத்தோடு சேர்த்தார். ஹார்ட்கோர் பட்டம் அத்தோடு முடிந்தது. ஹயபுசா பாடகராக மேடையேறினார், பல வருடப் பயிற்சிக்குப் பின் துணையோடு எழுந்து நின்றார், 2016 மார்ச்சில் மறைந்தார்.

இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் பழக்கிவிடுகிறேன். அடிக்கிறவரைப் பார்க்காதே, நடுவரைப் பார் என்பேன். காயம் உண்மையென்றால் அவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்துக் காட்டுவார். சென்ற மாதம் ஒரு பெண் கேட்டாள்: “அண்ணா, அந்த சைகையை எந்தக் கட்டத்துல போடுறது? எச்சரிக்கைக் கட்டத்துல ரத்தம், தீ எல்லாம் கதைக்காக வந்ததும் இருக்கே, ரெண்டும் கலந்துடாதா?” நியாயமான கேள்வி. காப்பகத்துக்கு எழுதிக் கேட்டோம். ‘உண்மைக் காயம்’ என்று தனிக் கட்டம் சேர்க்கச் சம்மதித்தார்கள். முடித்து அனுப்பிய நாடாக்களையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார்கள். கொரகுவென் நாடாவிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.